சிவப்பு டெல்டாவும் தலைமறைவான கிடாயும்

சிலாவத்துறை,
புதன்கிழமை, சோளகக் காற்று கூரைத் தகரத்தோடு சண்டை பிடிக்கும் நேரம்.

என் அன்பு மருமகள் ஷப்னாவுக்கு,

பெயரைக் கேட்டாலே மன்னார்க் கடலின் மீன்களெல்லாம் தாமாக ஏறி ஐஸ் பெட்டிக்குள் படுத்துக்கொள்ளும் உன் ஜெஸீம் மாமா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் என் கூடப்பிறந்தவளான உன் உம்மாவும் சுகம். உன் சுகம் அறிய பதில் இல்லாத உன் போனுக்கு எடுத்து எடுத்து என் பெருவிரல் தேய்ந்து சுண்டுவிரலுக்குத் தம்பியாகிவிட்டது. அதனால்தான் இந்தக் கடதாசியும் பேனையும்.

போன கிழமை கண்டி பஸ்ஸில் உன் புத்தகப் பெட்டி வந்து சேர்ந்தது. கொண்டக்டர் அதை இறக்கினதும், சாய்ந்து நின்ற பஸ் நிமிர்ந்துகொண்டது. பெட்டியைக் கண்ட உடனேயே உன் உம்மா, படிப்பு முடிந்துவிட்டது, பிள்ளை பின்னால் வாறாள் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டா. பின்னேரத்துக்குள் அந்தச் செய்தி மறிச்சுக்கட்டி வரைக்கும் பரவி, வில்பத்துக் காட்டு யானைகளுக்கும் எட்டியிருக்கும். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் ஊருக்குச் சஹன் விருந்து வைக்கப் போறாவாம். ஒவ்வொரு தாலத்தையும் சுற்றி ஆறு பேர் இருந்து உன் பெயரைச் சொல்லிச் சாப்பிட வேண்டுமாம். கிடாயும் பிடித்து முற்றத்தில் கட்டியாயிற்று.

கண்டி கெம்பஸில் எத்தனை வருஷப் படிப்பு என்று உம்மாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். உன்னைக் கொண்டுபோய் விட்டவன் நான்தானே. நடு வழியில் நிற்கிற பிள்ளைக்குப் புத்தகம் ஏன் தேவைப்படாமல் போனது? இந்தக் கேள்வி வந்ததிலிருந்து எனக்கு ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. கதிரையில் இருந்தால் எழும்பச் சொல்லுது, எழும்பினால் வாசலுக்குப் போகச் சொல்லுது. வாசலில் போய் என்னத்தைப் பார்க்கிறது? கண்டி பஸ் வாறதோ என்றுதான்.

பொறுக்க ஏலாமல் பெட்டியைத் திறந்து ஒரு புத்தகத்தை எடுத்தேன். யா அல்லாஹ், அது புத்தகமா, நண்டு ஓடின கடற்கரையா என்று விளங்கவில்லை. அதைத் தூக்கிக்கொண்டு பள்ளிமுனைக்குப் போனேன், உனக்குக் கணக்குப் படிப்பித்த அமிர்தநாயகம் மாஸ்டரிடம். அவை கிரேக்க எழுத்துகளாம். கணக்குக்காரரும் விஞ்ஞானிகளும் உலகத்தையே அவற்றுக்குள் சுருட்டி வைத்திருக்கிறார்களாம். Σ என்றால் எல்லாவற்றையும் கூட்டு. λ என்றால் ஒரு அலையின் தலையிலிருந்து அடுத்த அலையின் தலை வரைக்கும் உள்ள தூரம். இழுத்தாலும் வராமல் ஒன்றோடொன்று உரசிப் பிடிக்கிறதே, அந்தப் பிடிவாதத்தின் அளவு μ. இந்த எழுத்தை உன் உம்மாவைப் பார்த்துத்தான் கண்டுபிடித்திருக்க வேண்டும் என்றேன். ε என்றால் இருக்கிறதோ இல்லையோ என்கிற அளவுக்குச் சின்னது. சந்தையில் எனக்குக் கிடைக்கிற மரியாதை அது. மன்னார்த் தீவிலே கரண்ட் எடுக்க நிற்கிற பெரிய காற்றாடிகள் எவ்வளவு வேகமாய்ச் சுழலுது என்று எழுத ω வேண்டுமாம். பெட்டி வந்த நாளிலிருந்து என் தலை சுழலுது, அதற்கு என்ன எழுத்து என்று கேட்டேன். அதற்கும் அதே எழுத்துக் காணும் என்றார் மனுஷன், கொஞ்சமும் சிரிக்காமல்.

கடைசியாக அந்த முக்கோணத்தைக் காட்டினார். டெல்டா. எதற்கு முன்னால் அதைப் போட்டாலும், அது எவ்வளவு மாறியிருக்கிறது என்று அர்த்தமாம். கடைசியில் நிற்கிறதிலிருந்து முதலில் நின்றதைக் கழிக்க வேண்டுமாம்.

இனி நடந்த கூத்தைக் கேள். மீன் பெட்டிக்கு ஆளுக்கொரு குறி போடுகிறது உனக்குத் தெரியும்தானே. என் தூண்டில் குறியை யாரோ பார்த்துத் தன் பெட்டியிலும் கீறிவிட்டான். சரி, இனி உலகமே வியக்கும் குறி என்று எல்லாப் பெட்டிக்கும் பெரிய டெல்டா கீறினேன். கையில் இருந்தது படகுக்கு அடித்து மிஞ்சின சிவப்பு மை. விடியப் பெட்டிகளை றோட்டோரம் வரிசையாக வைத்துவிட்டு, கிரேக்க மன்னனைப் போலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

லொறிக்கார ரவிசந்திரன் வந்தான். வந்தவன் நூறு அடி தள்ளியே பிரேக்கைப் போட்டுவிட்டு, இறங்காமலே கத்துகிறான், அண்ணன், அசையாதேங்கோ, வந்த காலடியிலேயே திரும்பி நடவுங்கோ என்று. இந்தப் பக்கத்தில் சிவப்பு முக்கோணத்துக்கு ஒரேயொரு அர்த்தம்தானே. கண்ணிவெடி. நான் வாளை மீன் வாளை மீன் என்று கத்த, அவன் அதை வராதே வராதே என்று விளங்கிக்கொண்டு லொறியைப் பின்னுக்கு எடுக்க, யாரோ ஆமிக்கும் போன் பண்ண, ஐஸ் உருகி றோட்டில் ஒரு புது ஆறே ஓடினது. ஆமிக்காரர் வந்து தடியால் மூடியைத் தூக்கிப் பார்த்தால், உள்ளே இருந்து வாளை மீன் ஒன்று அவர்களைப் பார்த்து முழிக்குது. பிறகு ரவிசந்திரன் என்னிடம் கேட்டான், உங்களுக்கு வேறு நிறமே கிடைக்கவில்லையா, கிழவா என்று. அண்ணன் கிழவனானது அந்த நிமிஷத்தில்தான்.

ஊர் சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து பெட்டிகளைத் தேய்த்துக் கழுவும்போது சிரிப்பு நின்றுவிட்டது.

உனக்கு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது. யுத்தம் முடிந்து புத்தளத்திலிருந்து ஊருக்குத் திரும்பி வந்த புதிதில் நீ சின்னப் பிள்ளை. நம் வளவுக்குப் பின்னால் அந்தச் சிவப்புப் பலகைகள் நின்றன. அதைக் கண்டால் நீ என் இடுப்புச் சாரத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு அடி வைக்க மாட்டாய். ஆனாலும் ஒவ்வொரு நாளும் போய்ப் பார்க்க வேண்டும் என்பாய். வெடி எடுக்கிற ஆட்கள் முழங்காலில் இருந்து, சாண் சாணாக மண்ணைக் கிளறிக்கொண்டு போனார்கள். பலகையைப் பிடுங்கின அன்றைக்கு முதலில் ஓடினது நீ. செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடினாய். உன்னைப் பிடிக்க நான் ஓடினதாக ஊருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். பயத்தில் உனக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ஓடினேன் என்பது நமக்குள் இருக்கட்டும்.

மகள், நீ கெம்பஸ் சோதனையில் விழுந்திருக்கிறாய். எனக்கு ஒருவரும் சொல்லவில்லை, பெட்டி சொன்னது. எத்தனை பாடம் என்று நான் கேட்கப் போறதில்லை. ஒன்று மட்டும் சொல்லுறன். மாஸ்டரின் கணக்குப்படி கடைசியை மட்டும் பார்த்தால் அது டெல்டா இல்லையாம், வெறும் மார்க்ஸாம். முதலில் எங்கே நின்றாய் என்பதையும் எடுத்துக் கழிக்க வேண்டும். நீ நின்ற இடம் எனக்குத் தெரியும். என் சாரம் இன்னும் அந்த மடிப்பிலேயே இருக்கிறது.

உம்மாவுக்கு நான் சொல்லவில்லை. அது உன் வாயால் வர வேண்டும். அவ கோபிப்பா, அழுவா, அந்த μ முழுவதையும் காட்டுவா, பிறகு உனக்குச் சோறு போடுவா. ஆனால் ஊர் முழுக்க உன் பெயரில் சாப்பிட்டுப் போன பிறகு அவவுக்குத் தெரிய வந்தால், வெளியே தலைகாட்ட மாட்டா. அதனால் நேற்று விடியப் பெரும் துரோகம் ஒன்று செய்தேன். கிடாய் கயிற்றை அறுத்துக்கொண்டு காட்டுக்குள் ஓடிவிட்டது என்று உம்மா ஊரெல்லாம் தேடுகிறா. அது நானாட்டானில் பொன்னையாவின் வயலில் நின்று ராஜாவைப் போல மேயுது. சஹன் அடுத்த வெள்ளிக்குத் தள்ளிப்போயிருக்கிறது. அதற்கு மேல் என்னால் கிடாய் கடத்த ஏலாது. உம்மா என் சட்டையை மோந்து பார்க்கத் தொடங்கிவிட்டா.

பெட்டியை அதே பஸ்ஸில் திருப்பி அனுப்புறன். இந்தக் கடிதம் அந்த முக்கோணப் பக்கத்துக்குள் இருக்கும். நீ அந்தப் புத்தகத்தைத் திறந்தால்தான் இது உன் கைக்கு வரும். திறப்பாய் என்ற நம்பிக்கையில்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன்.

திரும்பச் சோதனை எழுதுகிறாய் என்றால் பெட்டியை அங்கேயே வைத்துக்கொண்டு, அடுத்த வெள்ளிக்கு முன்னம் ஒரு தரம் உம்மாவிடம் வந்துவிட்டுப் போ. வேண்டாம் என்றால் அதுவும் சரிதான், எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு வா. எந்த பஸ்ஸானாலும் நான் பஸ் ஹோல்ட்டில் நிற்பேன். இப்போதும் அங்கேதான் நின்று எழுதுகிறேன். பெட்டியை மட்டும் தனியாக அனுப்பாதே, மகள். அதைச் சுமக்க எனக்குப் பலம் இருக்கிறது, இன்னொரு தரம் திறந்து பார்க்கத்தான் இல்லை.

அல்லாஹ் உன் காலுக்கு முன்னால் உள்ள மண்ணை லேசாக்கி வைப்பானாக. ஆமீன்.

உன் வருகையைப் பார்த்திருக்கும்,
கிரேக்க மன்னன், கிடாய்க் கள்ளன்,
ஜெஸீம் மாமா