மாலிகோமோவின் ஐந்து ஆண் செடிகள்

பிப்ரவரி 24
பக்கத்து வயல்காரி மாலிகோமோவின் ஆண் கஞ்சாச் செடிகளைப் பிடுங்க வைத்தேன். ஐந்தும் வேரோடு போயின.

வேறு வழி? என் கஞ்சாப் பெண்பூக்களின் வெள்ளை மயிர்கள் உரிய காலத்துக்கு ஒரு மாதம் முன்பாகவே பழுத்துச் சுருங்குகின்றன. மகரந்தம் பட்டால்தான் அப்படி ஆகும். பட்டால் விதை பிடிக்கும். விதை பிடித்த பூவைத் தலைநகர் மசேருவின் மருந்துக் கம்பெனி தொடாது. ஆட்டு உரோமம் விற்றுச் சேர்த்ததையெல்லாம் இந்த வயலிலும் கஞ்சா வளர்க்கும் உரிமத்திலும் போட்டிருக்கிறேன். பக்கத்து வயலில், அவள் சோளத்துக்கு நடுவே, கொத்துக் கொத்தாக ஆண்பூ தொங்கியது.

"உன் ஆம்பளைங்களைக் கட்டிப்போட மாட்டியா?" என்று கேட்டேன்.

"வீட்ல இருக்கிற ஆம்பளையவே கட்டிப்போட முடியல, இதையா?" என்று சிரித்தாள். நான் சிரிக்காததைப் பார்த்து, "மாமியார் குடுத்த விதைண்ணே. ஆண் இல்லாட்டி அடுத்த வருஷம் எதை விதைப்பேன்?" என்றாள்.

போலீஸ் என்றேன். அவளிடம் உரிமம் இல்லை. அவளே பிடுங்கினாள்.

பிப்ரவரி 25
ஊற்றடியில் எதிரே வந்தாள். வணக்கம் சொல்லவில்லை.

மார்ச் 1
மயிர்கள் இன்னும் பழுக்கின்றன. புதிதாக வந்தவைகூட. ஆண்தான் இல்லையே?

மார்ச் 2
பூதக்கண்ணாடி வைத்துப் பூக்களைப் பிரித்தேன். பச்சை உறையிலிருந்து இரண்டு வெள்ளை மயிர் — சரி. பக்கத்திலேயே மஞ்சளாக, குட்டி வாழைப்பழம் மாதிரி... மகரந்தப் பை. பெண்பூவுக்குள்ளேயே! என்னுடையது வெளிநாட்டு விதை, ஜனவரி ஆலங்கட்டி மழையில் அடிபட்டதும் தானே ஆண்பூவையும் விட்டிருக்கிறது. பதினெட்டுச் செடிகளில்.

ஐயோ, அவளை என்ன பாடு படுத்திட்டேன்.

மார்ச் 3
போய், மறைக்காமல் சொன்னேன்.

"ஊர் ஆம்பளைய எல்லாம் திட்டினீங்க. கடைசில உங்க வீட்டுப் பொம்பளைக்கே மீசை முளைச்சிருக்கு!"

தன் பெண் செடிகளைப் பார்க்க விட்டாள். அதே ஆலங்கட்டி மழை. ஒரு மஞ்சள் பைகூட இல்லை. என் பூவின் கனமும் அவள் செடியின் உறுதியும் ஒரே விதையில் வந்தால்? ஆனால் ஆணைத்தான் அழித்துவிட்டேனே.

"சோளத்துக்குள்ள இருந்ததைப் பிடுங்கச் சொன்னீங்க, பிடுங்கினேன். ஆட்டுப்பட்டிக்குப் பின்னால இருக்கிறதை நீங்க கேக்கவே இல்லையே."

அங்கே இரண்டு ஆண் செடிகள் நிற்கின்றன. பிந்தி விதைத்தவை, இன்னும் மொட்டு. ஒருத்தி என்னை ஏமாற்றியதற்கு நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லை.

மார்ச் 6
மசேரு கம்பெனியில், விதை பிடித்த பூ வேண்டாம் என்றுவிட்டார்கள்.

மார்ச் 9
மாலிகோமோவும் நானும் பேசி முடித்தோம். பிடுங்கிய ஐந்துக்கு ஈடாக அவளுக்கு ஒரு சினை ஆடு. மஞ்சள் வராத என் மூன்று செடிகளில் புதுப் பூக்களுக்கு, வேறு மகரந்தம் படாமல் துணிப்பை கட்டி வைப்பேன். அவள் ஆண்பூவின் தூளை அவளே தூவுவாள். விதையில் பாதி அவளுக்கு. அவளுக்கும் ஓர் உரிமம், அவள் பெயரிலேயே, என் செலவில்.