அருள் என்றார்கள், அக்கா

அக்கா,

நேற்று கிளேபாங்கில் சாலையோரக் கடை ஒன்றில் மீ கோரிங் வாங்க நின்றிருந்தேன். முன்னால் நின்ற பெண்ணிடமிருந்து தைல வாசம் வந்தது. காற்றுப் பிடித்தால் நெஞ்சில் தேய்ப்போமே, அந்தப் பச்சைத் தைலம். எனக்கு அந்த வாசம் என்றால் நீங்கள்தான். "காத்துதான் தங்கச்சி, ஒரு ஏப்பம் வந்தா சரியாயிடும் லா" என்று தேய்த்துக்கொண்டே இருப்பீர்கள். மீயை வாங்காமலே வந்துவிட்டேன்.

ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நீங்கள் இருந்த இருப்பை யாரிடம் சொன்னால் நம்புவார்கள்? தோளில் காண்டாக் கம்பு, இரண்டு முனையிலும் நிறைந்த பால் வாளிகள். அந்த மேட்டில் ஊர்க்கதை பேசிக்கொண்டே ஏறுவீர்கள். வெறுங்கையோடு பின்னால் வரும் எனக்குத்தான் மூச்சு வாங்கும். "பொம்பளையா நீ? பழஞ்சோறு தின்னு வளந்தவதானா?" என்று கிண்டல் வேறு.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தோட்டத்தை விற்றுவிட்டார்கள். நம் இரண்டு குடும்பமும் புக்கிட் பெருவாங்குக்கு வந்தோம். எலக்ட்ரானிக் ஃபேக்டரியில் வேலை. பஸ் வாசலில் ஏற்றும், வாசலில் இறக்கும். நடுவில் நாள் முழுக்க நாற்காலி. "ஒக்காந்து சம்பாதிக்கிற காலம் வந்துருச்சு" என்று பூரித்துப்போனீர்கள். யாருக்குத்தான் பூரிப்பாக இருக்காது? ஆனால் சில வருடங்களிலேயே மாடிப்படியில் பாதி ஏறி, சேலையைச் சரிசெய்வதுபோல நிற்க ஆரம்பித்தீர்கள்.

ஒரு நாள் ஃபேக்டரி நர்ஸ் மிஸ்ஸி நம்மையெல்லாம் ஒரு பலகைமேல் ஏறி இறங்கச் சொல்லி நாடி பிடித்துப் பார்த்தார். நீங்கள் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டீர்கள். அவர் மலாயில் பொறுமையாகத்தான் சொன்னார். மாதவிலக்கு நிற்காத பெண்களுக்கு இதயநோய் குறைவுதான், ஆனால் வரவே வராது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. உடம்பு வேர்க்க அசையாவிட்டால் நெஞ்சின் பலம் போய்விடும். ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்கள் என்றார். பஸ்ஸில் ஏறியதும் நீங்கள் சிரித்தீர்கள். "மாசா மாசம் கெட்ட ரத்தம் வெளிய போயிடுது. அப்புறம் என்னத்த அடைக்கும்? அது ஆம்பளைங்க சீக்கு லா." பஸ்ஸில் இருந்த நம் பெண்கள் அத்தனை பேரும் ஆமாம் போட்டார்கள்.

என் நச்சரிப்புத் தாங்காமல் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை திடலுக்கு வந்தீர்கள். பெண்கள் பாட்டுப் போட்டு செனாம்ரோபிக் உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். பஞ்சாபி சூட்டில், எல்லாருக்கும் பின்னால், விளக்குக் கம்பத்தை ஒட்டி நின்று கைகால் வீசினீர்கள். முகமெல்லாம் சிவந்து, "நல்லாத்தான் இருக்கு. ஆனா பிள்ளைங்க பாத்தா சிரிக்கும். திருவிழா முடியட்டும், ஒழுங்கா வர்றேன்" என்றீர்கள்.

அந்தத் திருவிழாவில்தான் பால்குடம் எடுத்தீர்கள். வெறுங்கால், வெயில், உறுமிச் சத்தம். கோயிலுக்குக் கொஞ்சம் முன்னால் தள்ளாடினீர்கள். வேர்த்துக் கொட்டியது. கண் செருகியது. "ஆத்தா வந்துட்டா!" என்று யாரோ கத்த, உறுமி இன்னும் வேகமெடுத்தது. மஞ்சள் நீரை ஊற்றினார்கள். பெண்கள் காலில் விழுந்து வாக்குக் கேட்டார்கள். "இது அருள் இல்ல, அக்காவுக்கு முடியல, விடுங்க!" என்று கத்திக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து வந்தேன். "சாமி எறங்கியிருக்கு, தள்ளு" என்று ஒரு பெரியவர் என்னைத் தள்ளிவிட்டார். எழுந்து உங்கள் பக்கத்தில் வந்தபோது, "தங்கச்சி, நெஞ்ச அழுத்துது" என்றீர்கள். குடத்தை வாங்கப் போனேன். "வேணாம், பால் சிந்தக்கூடாது" என்றீர்கள். சன்னதிவரை நடந்தீர்கள். குடத்தை இறக்கியதும் சரிந்தீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், வேனில், என் மடியில் போய்விட்டீர்கள்.

ஒரு சொட்டுப் பால்கூடச் சிந்தவில்லையாம். ஆத்தாவே கூப்பிட்டுக்கொண்டாளாம். இன்றுவரை ஊர் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறது. ஆத்தாளுக்கு எதற்கு அக்கா உங்கள் உயிர்? பள்ளிக்கூடம் போகும் உங்கள் பிள்ளைக்குத் தலைபின்ன ஆளில்லாமல் ஆக்கியா அவள் கூப்பிடுவாள்?

நான் இன்னும் திருவிழாவுக்குப் போகிறேன். பால்குடப் பெண்களோடு நடக்கிறேன். யாராவது தள்ளாடினால் கும்பிடுவதற்கு முன் கையைப் பிடித்து, "நெஞ்சு வலிக்குதா?" என்று காதோடு கேட்கிறேன். சாமியைச் சோதிக்கிறேன் என்று ஏசுகிறார்கள். ஏசட்டும். பலருக்கு உண்மையிலேயே அருள்தான். என் கையை உதறிவிட்டு ஆடுவார்கள். போன வருடம் ஒருத்தி, உங்கள் வயதுதான் இருக்கும், உதறவில்லை. கண்ணைத் திறந்து, "ஆமாக்கா" என்றாள். அவள் தலையிலிருந்த குடத்தைப் பிடுங்கித் தரையில் போட்டேன். பால் தெருவெல்லாம் ஓடியது. அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

அவள் இருக்கிறாள், அக்கா.