மீன் எண்ணெய்ப் போத்தல்

டிக்கோயா
10.4.1956

பாப்பாவின் அப்பாவுக்கு,

தந்தி கிடைத்தும் ரயில் ஓடாததால் அடக்கத்துக்கு வர முடியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். எனக்குக் கோபமில்லை. நேற்றிலிருந்து காலையில் பெரட்டில் பேர் கொடுத்து வேலைக்குப் போகிறேன். தேயிலைக் கொழுந்து நன்றாக இருக்கிறது.

நீங்கள் கொழும்பிலிருந்து அனுப்பிய மீன் எண்ணெயில் பாதிப் போத்தல் மிச்சம். பாப்பாவுக்குச் சிறுநீரகம் கெட்டதால்தான் கால் எலும்பு வளைகிறது, ஒரு நாளும் விடாமல் எண்ணெய் கொடு என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் அவளுக்காகவே மாரியம்மனுக்குக் காப்புக் கட்டினேன். காப்புக் கட்டிய வீட்டில் கவுச்சி ஆகாது என்று போத்தலை வெளியே விறகுக் கொட்டிலில் வைத்துவிட்டேன்.

"அம்மா, எண்ணெ குடிக்க வேணாமா?" என்று பாப்பாவே கேட்டாள்.

"சாமி கோவிச்சுக்கும்டி" என்றேன்.

எட்டாம் நாள் அவள் முகம் வீங்கியது.

ஆஸ்பத்திரியில் எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் சிங்களத்தில் பேசினார், நர்ஸ் தமிழில் சொன்னாள். "எண்ணெ எலும்புக்குத்தானாம்மா. கிட்னியக் காப்பாத்தாதாம். ஒங்க மேல தப்பில்லயாம்."

இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சொன்னாள்.

எண்ணெயோடு காலை வெயிலிலும் உட்கார வைக்கச் சொல்லியிருந்தார்கள் அல்லவா? நம் லயத்து வாசலில் மத்தியானம் வரை மூட்டம்தான், உங்களுக்கே தெரியும்.

பாப்பாவை மேட்டு மலையில் அடக்கம் பண்ணியிருக்கிறோம். அங்கே ஏழு மணிக்கே வெயில் வந்துவிடுகிறது.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா