எந்த ராசாவுக்குச் செபம்

சேசு மரி சூசை

தூத்துக்குடி,
30.7.1972

கொழும்பு கொட்டாஞ்சேனையில் இருக்கும் மகள் மெட்டில்டாவுக்கு, உன் பழைய பங்குச்சாமி ஜேசுபாதம் எழுதுவது. நீயும் பிள்ளைகளும் சுகமாயிருக்கச் சர்வேசுரனை மன்றாடுகிறேன். எனக்கு இடது கண் போய்விட்டது. வலது கண்ணும் போகிற வழியில்தான் இருக்கிறது.

உறையில் விலாசம் எழுதியது உன் சித்தி மகள் பிலோமி. என் கையெழுத்தைப் பார்த்தால் நீ பிரிக்காமலே திருப்பி விடுகிறாய். இரண்டு கடிதங்கள் அப்படித் திரும்பி வந்துவிட்டன. எழுபத்தெட்டு வயதில் சாமியார் செய்கிற வேலையா இது என்று பிலோமி கேட்டாள். இல்லைதான்.

சுதந்திரம் கிடைத்து இருபத்தைந்து வருஷம் ஆகிறதென்று இங்கே வெள்ளிவிழாக் கமிட்டி போட்டிருக்கிறார்கள். போராடினவர்கள் பெயரைக் கல்லில் வெட்டி ஆகஸ்டு பதினைந்தில் திறக்கிறார்கள். அதில் என் பெயர் இருக்கிறது. உன் அண்ணன் ஹென்றி பெயர் இல்லை.

என் பெயர் எதற்கு என்று கேட்பாய். சண்டைக் காலத்தில் ஞாயிறு பூசை முடிந்ததும் இங்கிலாந்து ராசாவின் வெற்றிக்குச் செபம் சொல்ல வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. நானோ ஹென்றி போன்ற வாலிபர்களிடம், தேசத்தை நேசிப்பது பாவமில்லை, ஆபத்து வந்தால் என்னிடம் வாருங்கள் என்று சொல்லி வைத்தவன். அதனால் ஒரு தந்திரம் செய்தேன். பெயரை விட்டுவிட்டு, 'எங்கள் ராசாவுக்கு வெற்றி உண்டாவதாக' என்று மட்டும் சொல்வேன். மனதில் கிறிஸ்துராசாவை வைத்துக்கொள்வேன். வேதத்துக்கும் பழுதில்லை, தேசத்துக்கும் துரோகமில்லை என்று எனக்குப் பெரிய பெருமை. பின்னாளில் இதை ஒரு பிரசங்கத்தில் சொல்லித் தொலைத்தேன். ஊர் அதைப் பிடித்துக்கொண்டு என்னையும் போராடினவன் ஆக்கிவிட்டது.

நாற்பத்திரண்டு ஆகஸ்டில் தந்திக் கம்பியை அறுத்த ஹென்றி, போலீசுக்குத் தப்பி என்னைத் தேடிக் கோயிலுக்கு வந்தான். நான் அந்தச் செபத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பின்னால் நின்று கேட்டவன் அப்படியே திரும்பிப் போனான். அன்றைக்கே திரேஸ்புரத்தில் யாருடைய வள்ளத்தையோ அவிழ்த்துக்கொண்டு, ஆடிக் காற்று ஓயாத நேரத்தில், ஒற்றை ஆளாகச் சிலோனுக்குப் புறப்பட்டான். ஒன்பதாம் நாள் வள்ளம் மட்டும் தருவைகுளம் கடற்கரையில் கவிழ்ந்து ஒதுங்கியது.

அந்தக் கரையில் என் அங்கியைப் பிடித்துக்கொண்டு நீ கேட்டாய்: 'சாமி, நீங்க வெள்ளக்கார ராசாவுக்குல்லா செபம் சொன்னீய! சாமியும் அவங்க ஆளுதாம்னு சொல்லிட்டுல்லா அண்ணன் போனான்.' அதன் பிறகு நீ கோயிலில் கால் வைக்கவில்லை.

கமிட்டிச் செயலாளர் நயினாரிடம் ஹென்றிக்காகப் போனேன். பழைய போலீஸ் குறிப்பில் வள்ளம் திருடியவன் என்று இருக்கிறதாம். 'களவாண்டவன் பேரைக் கல்லுல வெட்டுனா ஊரு சிரிக்காதா சாமி' என்றார். என் செபம் உட்பட நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் கண் கலங்கி, சாமிக்கு எவ்வளவு தாழ்மை என்று கும்பிட்டுவிட்டார். என் பெயரை எடுங்கள் என்றால், வெட்டியாகிவிட்டது என்கிறார்.

கல்லின் அடியில் இன்னும் ஒரு வரிக்கு இடம் இருக்கிறது. வீட்டார் சாட்சி வேண்டுமாம். ஹென்றி கடைசியாகப் பேசியது உன்னிடம். அவன் கம்பி அறுத்ததையும், என்னைத் தேடி வந்தவன் திரும்பிப் போனது ஏன் என்பதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. என் பெயர் கெடும், கெடட்டும். தபால் நேரத்துக்கு வருமா என்று தெரியவில்லை. நீ எழுதுவாய் என்ற நம்பிக்கையும் எனக்கு இல்லை.

நயினாரிடம் சொல்லாதது ஒன்று உண்டு. ஹென்றி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையில் போலீஸ் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார். பயந்துபோனேன். செபத்தை வழக்கத்தைவிட உரக்கச் சொன்னேன். அப்போது என் மனதில் இருந்தது கிறிஸ்துராசா இல்லை, மகளே. உன் அண்ணன் சரியாகத்தான் காதில் வாங்கியிருக்கிறான்.

சாமியார் கடிதம் ஆசீர்வாதத்தோடு முடிய வேண்டும். உனக்கு அதைக் கொடுக்க எனக்குக் கை எழவில்லை. செபம் இன்னும் உனக்கு மறக்காமல் இருந்தால் ஹென்றிக்கு ஒன்று சொல். மனம் வந்தால், எனக்கும் ஒன்று.

ஜேசுபாதம்