அயர்லாந்து சம்பந்திக்கு வைத்த ராணி பேனர்

நீ நிற்க வேண்டிய இடத்தில் என்னை மாட்டிவிட்டுப் போய்ச் சேர்ந்த என் அருமை மச்சானுக்கு,

அயர்லாந்துக்கு நர்ஸ் வேலைக்குப் போன உன் மகள் கயல், அங்கேயே ஒரு பையனைப் பிடித்துவிட்டாள். தங்கமான பையன். குன்னத்தில் கல்யாணம். உன் இடத்தில் நின்று தாரை வார்ப்பது தாய்மாமன் நான்தான் என்று அக்கா சொல்லிவிட்டாள். வேறு யாருக்கு அந்தத் தகுதி இருக்கிறது?

பையனும் அவன் அப்பாவும் வந்து இறங்குகிறார்கள், சும்மா விடுவேனா? ஊர் முக்கில் பேனர் வைத்தேன். பாடாலூரில் நின்றாலே தெரியும், அத்தனை பெரிசு. வெள்ளைக்காரச் சம்பந்திக்கு மரியாதையாக நடுவில் கிரீடம் வைத்த ராணியம்மா படம். கீழே, ‘இங்கிலாந்துச் சம்பந்தியே வருக வருக!’ பெரம்பலூர் ஜில்லாவில் இந்த யோசனை வேறு எவனுக்கு வரும்?

சம்பந்தி இறங்கினார். அண்ணாந்து பார்த்தார். திரும்பக் காரிலேயே ஏறிக்கொண்டார். மாலையும் கையுமாக நான் நிற்கிறேன், மச்சான்!

உன் மகள் பிடித்தாளே ஒரு பிடி. “ஒன்ன யாரு மாமா ராணி படம் போடச் சொன்னது?”

“இங்கிலாந்து, அயர்லாந்து, எல்லாம் லாந்துதானடி?”

“அயர்லாந்துக்காரங்க நெலத்தப் புடுங்குனது, பாஷைய அமுக்குனது, உருளக்கெழங்கு அழுகி சனம் பட்டினியா சாவயில தானியத்தக் கப்பல்ல ஏத்துனது, எல்லாம் அந்தக் கிரீடத்துக்குக் கீழதான். நீ மேடையே ஏற வேணாம். அம்மா பாத்துக்கும்.”

வெள்ளைக்காரனையே வெள்ளைக்காரன் ஆண்டானா? நம்மை மட்டும்தான் என்றல்லவா இருந்தேன்! இதை உயிரோடு இருந்தபோது நீயாவது சொல்லியிருக்கக் கூடாதா?

மாப்பிள்ளைதான் கொஞ்சம் தணித்தான். சில வருஷம் முன்னால் அந்த ராணியே அங்கே போய், விடுதலைக்காகச் செத்தவர்கள் நினைவிடத்தில் தலை குனிந்து, அவர்கள் பாஷையில் ரெண்டு வார்த்தை பேசினாளாம். “பொறவு என்ன கோவம்?” என்றேன். சம்பந்தி சொன்னதைக் கயல் சொன்னாள்: “கை தட்டுனோம். வூட்டுல படம் மாட்டல.”

சமாதானம் பண்ண கங்கைகொண்ட சோழபுரத்துக்குக் கூட்டிப்போனேன். கோபுரத்தைக் காட்டி, “எங்க ராஜா கடல் தாண்டிப் போயி எத்தனையோ சீமைய அடக்குனவரு. எங்க பாட்டன் வழிதான் அவருக்குத் தளபதி” என்று எடுத்துவிட்டேன். சிரிக்காதே, இல்லை என்று உன்னால் நிரூபிக்க முடியுமா?

மனுஷர் நிதானமாக ஒன்று கேட்டார். கயலுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “அந்தச் சீமைக்காரங்க வூட்டுக் கல்யாணத்துல ஒங்க ராஜா படத்த வச்சா என்ன செய்வாங்கன்னு கேக்குறாரு மாமா.”

“கல்லெடுத்து அடிப்பாங்க” என்று வாய் தவறி வந்துவிட்டது.

“அப்ப அவரு கார்ல ஏறுனது கம்மிதானாம்!” சம்பந்தி என் தோளில் தட்டிச் சிரிக்கிறார். நானும் என்னைப் பார்த்தே சிரித்துவிட்டேன். நான், மச்சான்! எவனிடமும் சொல்லிவிடாதே.

திரும்பி வரும்போது கயல், “மேடைக்கு வா மாமா. பேனர மட்டும் மாத்து” என்றாள்.

மாற்றுகிறேன். ராணியும் வேண்டாம், நம் ராஜாவும் வேண்டாம். கிரீடம் இருந்த இடத்தில், ஓட்டர் கார்டில் ஊரையே முறைப்பாயே, அந்தப் படம். அயர்லாந்து என்ற எழுத்தை நானே கூட இருந்து சரிபார்ப்பேன். தாரை வார்க்கும்போது என் கை நடுங்காது. நடுங்கினால் அது உன் கை.

இப்படிக்கு,
உன் மகளுக்கு அப்பன் வேலையும் சேர்த்துப் பார்க்கும் உன் மச்சினன்