யூசுவான் ஆடாமல் நின்ற பாட்டு

அன்புள்ள அக்காவுக்கு, தைப்பேயிலிருந்து தம்பி வணக்கம். முழங்கால் வலி தேவலையா?

ஆட்டக்காரியோடு பேச்சில்லை என்று பத்து வருடமாக ஒதுக்கினாயே, உன் மகள் யூசுவான் ஒருநாள் ஆடாமல் பாடுவாள் என்று நான் அன்றே சொல்லவில்லையா? நேற்று அவள் கச்சேரி மேடையில் அது நடந்தது.

ஒலி இயந்திரத்தின் மேல் பச்சை நொறுக்குத்தீனிப் பொட்டலத்துக்குப் பதில் எவனோ மஞ்சள் பொட்டலம் வைத்துவிட்டான். பச்சை வைத்தால் ஒழுங்காக ஓடும், மஞ்சள் வைத்தால் நின்றுவிடும் என்றுதானே நம் ஆட்களின் நம்பிக்கை; இயந்திரம் சும்மா இருக்குமா? நடுப்பாட்டில் இசை நின்றது.

"எவன்டா மஞ்சள் வச்சது?" என்று மேலாளர் அலறினார். அவளோ அசையாமல் நின்று, வெறுங்குரலிலேயே பாடி முடித்தாள். அரங்கில் பத்தாயிரம் பேர் கேட்டார்கள்.

இறங்கி வந்ததும், "மாமா, அம்மா பாத்தாங்களா?" என்றாள்.

பால்மீன் உருண்டை கொஞ்சம் அனுப்பு. தனியாகச் சாப்பிட்டால் எதுவும் இறங்குவதில்லை. மேடைச் சாமான் லாரி கிளம்புகிறது, நானும் ஏற வேண்டும்.

அக்கா, 'அம்மா பாத்தாங்களா' என்று அவள் கேட்கவில்லை. அது நான் சேர்த்தது. இறங்கி வந்ததிலிருந்து கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீ கூப்பிடு.