உள்ளே வராத அப்பாவின் பெயரில் ஒரு பீப்பாய்

என் ஆசை அப்பாவுக்கு,

நீங்கள் போய் ஏழு கிழமை. ஒஸ்லோவில் பனி இன்னும் கரையவில்லை. உங்கள் கார் பனி மூடியபடியே கிடக்கிறது. அதைத் துப்புரவாக்க அம்மா விடுவதில்லை.

சனிக்கிழமை ஒரு மணியானால் இன்னும் என் கை போனைத் தேடுகிறது. ஸ்ட்ரோம்மன் வீட்டிலிருந்து அம்மாவின் சாப்பாட்டுப் பெட்டியோடு வருவீர்கள். எங்கள் மது வடிசாலைக்கு எதிர்ப்பக்கம் நின்றுகொண்டு, போனில் "பிள்ளை, வெளியிலை வா" என்பீர்கள். மூன்று வருடத்தில் ஒருநாளும் வாசற்படி மிதிக்கவில்லை.

ஐரிக்கை நான் கட்டும்போதே அவன் குடும்பத்துத் தொழில் தெரியும்தானே? அவனுடைய முன்னோர் கொங்ஸ்பெர்க் வெள்ளிச் சுரங்கத்தில் உழைத்தவர்கள். தனியாரும் மது வடிக்கலாம் என்று சட்டம் மாறியதும், அவர்கள் நினைவாகத்தான் என் மாமனார் இதைத் தொடங்கினார். போத்தலெல்லாம் சுரங்க விளக்குப் படம். சுரங்கக் குழிகளுக்கு ஆட்களின் பெயர் வைத்ததுபோல, ஒவ்வொரு பீப்பாய்க்கும் குடும்பத்தில் இறந்த ஒருவரின் பெயர். இதில் அருவருக்க என்ன இருக்கிறது என்று உள்ளுக்குள் கொதித்துக்கொண்டிருந்தேன்.

கடைசிச் சனி அது வெளியே வந்துவிட்டது. றோட்டில் வைத்தே கத்தினேன். "எங்களைக் கண்டா உங்களுக்கு அருவருப்பே அப்பா? ஒருக்கா உள்ளை வந்தா என்ன குறைஞ்சு போவியள்?"

"சோறு ஆறப்போகுது, கொண்டு போ" என்று மட்டும் சொன்னீர்கள். செவ்வாய்க்கிழமை உங்கள் இதயம் நின்றுவிட்டது.

உங்கள் முப்பத்தொராம் நாள் சடங்கு முடிந்த மறுநாள் மாமனார் என் கையைப் பிடித்து வடிசாலைக்குள் கூட்டிப்போனார். புதுப் பீப்பாயில் உங்கள் பெயர், தமிழிலேயே, சூட்டுக்கோலால் பொறித்திருந்தது. ஐரிக் எழுத்துக் கூட்டிக் கீறிக் கொடுத்தானாம். ஒரு கொம்பு கோணல். "இவ்வளவு நாளும் குளிரில் வெளியே நின்றார். இனி உள்ளே, எங்களோடு" என்று நோர்வே மொழியில் சொல்லிவிட்டு அழுதார். நானும் அழுதேன். பெருமையாக இருந்தது அப்பா, அதையும் மறைக்க மாட்டேன்.

படம் எடுத்துவந்து அம்மாவிடம் காட்டினேன். அம்மா அப்படியே கதிரையில் இருந்துவிட்டார்.

"உதை அழிக்கச் சொல்லு, பிள்ளை."

"ஏனம்மா?"

"அப்பா நோர்வேக்கு வந்த புதுசிலை இஞ்ச வடக்கிலை மீன் பக்ரறியிலை வேலைக்கு நிண்டவர். குடியெண்டால் அப்பிடிக் குடி. நீ பிறந்த அண்டைக்கு விட்டவர். மணம் பட்டாலே திரும்ப ஆசை வந்திடும். உங்களிலை கோவமில்லையடி, தன்னிலைதான் பயம்."

ஏன் எனக்குச் சொல்லவில்லை? நான் கேட்ட விதத்துக்கு யார்தான் சொல்லுவார்? கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

அம்மாவின் சம்மதத்தோடு நேற்று மாமனாரிடம் இதையெல்லாம் சொன்னேன். அதே சம்மதத்தோடுதான் இதை எல்லோரும் வாசிக்க எழுதுகிறேன். மாமனார் உடனே சீவுளி எடுத்து வந்து உங்கள் பெயரைத் தன் கையாலேயே சீவினார். "வர விரும்பாதவரை நான் இழுத்து வந்துவிட்டேன்" என்றார். அவர் செய்தது அன்பில். நான் கத்தியது எதில்?

எந்த மதுவிலும் உங்கள் பெயர் இருக்காது, இது சத்தியம். நீங்கள் யார் என்று கேட்பவர்களுக்கு, குடியை விட்ட மனிதர் என்று தலை நிமிர்ந்து சொல்லுவேன். எதைக் கண்டு பயந்தீர்களோ அதன் வாசல்வரை சனிக்கு சனி வந்தீர்கள், எனக்குப் பசிக்கும் என்று. அதையும் சேர்த்தே சொல்லுவேன்.

உங்களை றோட்டில் வைத்துக் கத்திய மூத்த மகள்,
தாரணி